ஒரு பல் கூடுதல்

மார்ச் 3

தம்பிக்கு,

அந்தத் திங்கட்கிழமை சக்கரத்தில் ஒரு பல் கூடுதலாகத் தள்ளியது நான் அல்ல. இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் சொல்படி நடக்கிறது.

நம் பொத்தான் தொழிற்சாலையின் பழைய புகைப்படம் ஒன்றுக்கு அனுமதி கேட்டு, உங்கள் நூலின் புதிய பதிப்புக்கான மெய்ப்புத் தாள்களைப் பதிப்பாளர் எனக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில் நாம் இருக்கிறோம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இப்படிச் சொல்கிறது:

“வேலைப் பிரிவினை மனிதனைத் துண்டாக்குகிறது என்ற கோட்பாட்டின்படி, முதலாளி குடும்பம் உட்பட அனைவரும் வாரம் ஒரு வேலையாக மாறி மாறிச் செய்தனர். நிறுவனரின் மனைவி, தன் வர்க்கப் பெருமையை உதற முடியாதவராய், தன் முறையைத் தவிர்க்கச் சுழற்சிச் சக்கரத்தை ஒரு பல் கூடுதலாகத் தள்ளினார். விபத்து ஒன்று நேர்ந்தது. சோதனை முடிவுக்கு வந்தது.”

நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தை விட்டு மற்றவற்றைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கிறேன். கான்வென்ட்டில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ‘விபத்து நேர்ந்தது’ என்று எழுதினால் நோட்டை மூடித் திருப்பித் தந்துவிடுவார். யாருக்கு நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வார். உங்களுக்கு அப்படி ஒரு சிஸ்டர் வாய்க்கவில்லை.

தெருவில் முப்பத்தோரு வருடமாக இதையேதான் சொல்கிறார்கள். “முதலாளியம்மா கை அழுக்காகக் கூடாதுன்னு சக்கரத்தையே திருப்பிட்டாங்க.” தெரு பேசட்டும். தெருவின் பேச்சுக்குப் பக்க எண் கிடையாது. உங்கள் பேச்சுக்கு உண்டு.

திருத்திய பக்கத்தை அனுப்பிவையுங்கள்.

உங்கள் அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கண் தெளிந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் படிக்கக் கூடாது என்கிறார் டாக்டர்; நான் கேட்பதாக இல்லை. நீங்கள் மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனம் புண்பட்டதில் எனக்கு வருத்தமே. ஆனால் நூலை நீங்கள் ஒரு குடும்பக் கடிதம்போலப் படித்திருக்கிறீர்கள். அதில் வரும் ‘நிறுவனரின் மனைவி’ நீங்கள் அல்ல, ஒரு சமூக நிலையின் குறியீடு. ஆலைகள் வந்த பிறகு எழுந்த கோட்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையை நம்பியவை, அரசை நம்பியவை, கூட்டுறவை நம்பியவை என்று எத்தனையோ. அவை எங்கே தடுக்கி விழுந்தன என்பதுதான் என் கேள்வி. தடுக்கியது யாருடைய கால் என்பது அங்கே முக்கியமில்லை.

இருந்தாலும் உங்களுக்காக ‘நிறுவனரின் மனைவி’ என்பதைக் ‘குடும்பத்துப் பெண் ஒருவர்’ என்று மாற்றச் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்குக் குறை இருக்காது என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புள்ள தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

குறியீடு சுகமாக இருக்கிறது. நேற்றிலிருந்து கொஞ்சம் இருமல்.

‘குடும்பத்துப் பெண் ஒருவர்.’ அந்தக் குடும்பத்தில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். எண்ணிப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஆகாது.

கோட்பாடுகளைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். அண்ணனும் தம்பியுமாக நீங்கள் படித்த ஒவ்வொன்றோடும் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். முதல் வருடம், எதையும் அதன் போக்கில் விட்டால் தானே சரியாகும் என்றீர்கள். பாய்லர் குழாயையும் அதன் போக்கில் விட்டீர்கள். அது சரியாகவில்லை, வெடித்தது. அடுத்த வருடம் கூட்டுறவு: ஏழு கமிட்டிகள், அதில் மூன்று, கமிட்டிகளைக் கவனிக்கும் கமிட்டிகள். பிறகு பதினோரு மாதம் எல்லாம் பொது. என் தையல் மெஷின் பொதுவாயிற்று, என் கட்டில் பொதுவாயிற்று. உங்கள் பேனா மட்டும் கடைசி வரை தனி உடைமையாகவே இருந்தது.

கடைசியாகத்தான் சக்கரம். உங்கள் புத்தகத்தில் அதையும் தவறாக விவரித்திருக்கிறீர்கள். அது மரமல்ல, தகரம். வெளி வட்டத்தில் வேலைகள், உள் வட்டத்தில் ஆட்கள். வாரம் ஒரு பல் உள் வட்டம் நகரும். வாசிப்பறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் படித்துக்காட்டியவர் அடுத்த வாரம் பிரஸ் மெஷினில் பொத்தான் வெட்டுவார். பிரஸ்ஸில் இருந்தவர் பொட்டலம் கட்டுவார். பொட்டலம் கட்டியவர் அமிலத் தொட்டியில் பித்தளை கழுவுவார். வரிசையில் எனக்குப் பின்னால் நீங்கள். உங்களுக்குப் பின்னால் டைப்பிஸ்ட்.

டைப்பிஸ்ட்டை நினைவிருக்கிறதா? உங்கள் நூலின் முதல் எட்டு அத்தியாயங்களைத் தட்டிக் கொடுத்தவர். ஒன்பதாவதை நீங்கள் கையால் எழுதிப் பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. ஏன் என்று முன்னுரையில் காணோம்.

அவர் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். வாரம் ஒருமுறை வந்து என் கடிதங்களை வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறார். முப்பத்தோரு வருடத்தில் ஒருநாள்கூட என் வீட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. “பரவால்லைங்க, நிக்கிறேன்” என்பார். வலது கையில் மிஞ்சிய கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் உறையைச் செருகிக்கொள்வார். ஜூன் மாதக் கடைசியில் மகளோடு இருக்கப் போகிறார். திரும்பி வரப்போவதில்லை.

இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுபோகிறார். உறைமேல் உங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, “பேராசிரியருக்கா? சந்தோஷம்” என்றார்.

உங்கள் அண்ணி

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரு கருத்தரங்கு, அதைத் தொடர்ந்து காய்ச்சல். இப்போது தேவலை. உங்கள் இருமல் நின்றதா?

உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். யாரையும் குற்றம் சொல்லாமல் இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் ஆணி மிக இறுக்கமாக இருந்தது. பலம் கொடுத்துத் தள்ளினால் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் தாவிவிடக்கூடியது. நீங்கள் ஒரு பல் என்று நினைத்துத் தள்ளியிருப்பீர்கள். இயந்திரக் கோளாறுதான் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். பல்கலைக்கழகத்தில் தொழில் வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறோம். சக்கரம் உங்களிடம்தானே இருக்கிறது? அனுப்பிவைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

தம்பி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நின்றது.

ஞாயிறு மாலை சக்கரத்தைத் திருப்புவது என் பொறுப்பு, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தத்துவவாதிகளுக்கு விடுமுறை. அந்த ஞாயிறு வரைக்கும் சக்கரத்தின் ஆணி லொடலொட என்று ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலை ஒரு பல் திருப்பினேன். பிறகு என் தையல் பெட்டியிலிருந்து ஒரு வாஷரை எடுத்துச் செருகி ஆணியை இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, வாஷர் போட்டதை அறிவிக்கும் பழக்கம் எனக்கில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அண்ணன் சக்கரத்தை ஆணியோடு பிடுங்கி என் மடியில் வைத்தார். அதன் பிறகு யாரும் அதைத் திருப்பியதில்லை.

ஆணி இறுக்கமாக இருந்தது என்று தெரிந்தவர் இரண்டே பேர்தான் இருக்க முடியும். இறுக்கிய நான் ஒருத்தி. திங்கட்கிழமை ஏழு மணி மணியோசைக்கு முன்னால் அதைத் தள்ளிய கை ஒன்று. முப்பத்தோரு வருடம் எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. தபால் தலை ஒட்டி நிச்சயத்தை அனுப்பிவைத்ததற்கு நன்றி.

நான் என் முறையைத் தவிர்க்கச் சக்கரத்தைத் தள்ளினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த முறையை? முந்தின வாரம்தான் நான் பிரஸ்ஸில் இருந்தேன். அந்த மெஷினிலேயே ஒன்பது வருடம் வேலை செய்த பிரஸ்காரம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். “கையப் பாக்காதீங்கம்மா. டை அச்சு எறங்குற இடத்தப் பாருங்க. காலு மிதிக்கிறப்ப கை வெளிய இருக்கணும், அவ்ளோதான் வித்தை.” மூன்றாம் நாள் என் கை தானாகப் போய் வந்தது. அவள் ஒன்பது வருடமாக எங்கே இருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தொழிலாளியின் கை அவளுக்கே அந்நியமாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அதை நம்பினது அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் எனக்குப் பொட்டலம் கட்டும் வேலை, இருப்பதிலேயே லேசானது, மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். ஒரு பல் கூடியதால் எனக்கு விழுந்தது அமிலத் தொட்டி. கை அழுக்காகாமல் இருக்க யாராவது அமிலத் தொட்டிக்குப் போவார்களா?

பொட்டலம் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய உங்களுக்கு. ஒன்பதாம் அத்தியாயம் முடிக்கக் காலைப் பொழுதுகள் வேண்டியிருந்தன அல்லவா?

முறை வருகிறவருக்குச் சனிக்கிழமையே பிரஸ்காரம்மா பாடம் சொல்லுவாள். அந்தச் சனிக்கிழமை பாடம் கேட்டது நீங்கள், பத்து நிமிடம். டைப்பிஸ்ட்டுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவர் முறை இன்னும் ஒரு வாரம் தள்ளி. “எனக்கு வாசிப்பறைன்னுல்ல நெனச்சேன். சரி, சக்கரம் சொல்லுது, போவோம்” என்று சிரித்துக்கொண்டே போனார். ஒன்பதே காலுக்குச் சத்தம் கேட்டது.

சக்கரத்தை அனுப்ப மாட்டேன். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அது நீங்கள் வென்ற கோப்பை அல்ல.

டைப்பிஸ்ட் கிளம்புவதற்குள் நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான்கு வரி போதும்.

உங்கள் அண்ணி

*

மே 12

தம்பிக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. காய்ச்சல் திரும்பியிருந்தால் அதையாவது எழுதுங்கள்.

டைப்பிஸ்ட் நேற்று வந்தார். வீட்டுச் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். தட்டச்சு மெஷினை மட்டும் யாரும் வாங்கவில்லை.

“அதை ஏன் இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“இடது கையால பழகிக்கலாம்னு பாத்தேங்க. வேகம் வரல.”

“உட்காருங்களேன்.”

“பரவால்லைங்க. நிக்கிறேன்.” பிறகு, “பேராசிரியர் புத்தகம் மறுபடி வருதாமே? பெரிய மனுஷன். எங்களையெல்லாம் சமமா நெனச்சவரு” என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்காலுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணி

*

மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான். இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருக்கிறது.

நன்கு யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த நிகழ்ச்சியையே நூலிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சக்கரமும் இல்லை, விபத்தும் இல்லை, நிறுவனரின் மனைவியும் இல்லை. ‘நடைமுறைச் சிக்கல்களால் சோதனை கைவிடப்பட்டது’ என்று ஒரே வரி. யார்மீதும் பழி இல்லை. அண்ணன் இருந்திருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார்.

இத்துடன் இதை முடித்துக்கொள்வோம், அண்ணி. நமக்கு வயதாகிவிட்டது.

தம்பி

*

மே 27

தம்பிக்கு,

இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள். எழுத்தில் நீங்கள் உப்பை எப்போதோ குறைத்துவிட்டீர்கள்.

ஒருமுறை மெஷின் டைப்பிஸ்ட்டின் விரல்களை எடுத்தது. இப்போது நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். மெஷினுக்கு அத்தியாயம் முடிக்கும் அவசரம் இல்லை, அதனால் அதை மன்னிக்கலாம்.

உங்கள் அண்ணன் என்ன விரும்பினார் என்று எனக்குச் சொல்லாதீர்கள். சக்கரத்தை என் மடியில் வைத்தபோது அவர் சொன்னது இது: “தத்துவம் எழுதுனவனே தப்பிச்சிட்டான்னு தெரிஞ்சா தத்துவம் செத்துப்போயிடும். நீ திருப்புனதா இருந்தா, பணக்கார வீட்டுப் பொம்பள திருந்த மாட்டாள்னு ஆகும். தத்துவம் பொழைச்சுக்கும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மறுக்காம இரு, போதும்.” அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. இதை மட்டும் கேட்டார். மறுக்காமல் இருந்தேன். என்னைத் தின்று உங்கள் தத்துவம் முப்பத்தோரு வருடம் பிழைத்தது. மூன்று பதிப்பு.

நானே டைப்பிஸ்ட்டிடம் போய்ச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். குற்றம் சாட்டப்பட்டவள் தன் வாயால் சொன்னால் அது சாக்கு. உங்கள் கையால் வர வேண்டும்.

உங்கள் அண்ணி

*

ஜூன் 15

தம்பிக்கு,

நேற்று நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. அந்தத் தொண்டைக்கு டாக்டரைப் பாருங்கள். நீங்கள் பேசியதை மறக்காமல் இருக்க அப்போதே எழுதி வைத்தேன்: “அண்ணி, என் பேரு எங்க போகுதுன்னு மட்டும்தான் பாத்தேன். எனக்குப் பின்னாடி யாருன்னு பாக்கல. சத்தியமா பாக்கல.” அதை எழுதித் தாருங்கள் என்றேன். “எழுத மட்டும் சொல்லாதீங்க” என்று வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். அறுநூறு பக்கம் மனிதகுலத்தைப் பற்றி எழுதியவருக்கு அடுத்த பெயரைப் பார்க்க நேரமில்லை. உங்கள் மூன்று பதிப்பையும்விட அந்த ஒரு வாக்கியத்தில்தான் எந்திர யுகத்தைப் பற்றி எனக்கு அதிகம் விளங்கியது.

இனி என் பங்கு. இதை உங்களுக்கு இதுவரை எழுதவில்லை, யாருக்கும் எழுதவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு மாலை நான் விட்ட இடத்தில் அது இல்லை. என் பெயருக்கு நேராக அமிலத் தொட்டி இருந்தது. யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்று நான் வாய் திறந்திருந்தால் எல்லாம் ஒரு பல் பின்னால் போயிருக்கும், டைப்பிஸ்ட் வாசிப்பறையில் உட்கார்ந்திருப்பார். நான் வாய் திறக்கவில்லை. அமிலத்துக்குப் பயந்து முதலாளியம்மா முறையிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து தொட்டிக்குப் போனேன். அவர் என்னைக் கடந்துதான் பிரஸ்ஸுக்குப் போனார். “குட் மார்னிங் மேடம்” என்றார். நானும் சொன்னேன்.

ஆகவே உங்கள் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘பெருமை’ என்ற சொல்லை நான் அடித்தது தவறு. சொல் சரிதான். நீங்கள் வைத்த இடம்தான் சரியில்லை.

இதையெல்லாம் டைப்பிஸ்ட்டுக்கு ஒரு கடிதமாக எழுதி முடித்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யாரோ தள்ளினார்கள், நான் பார்த்தேன், பேசவில்லை என்பது மட்டுமே. அந்த ‘யாரோ’வை எழுதும்போது என் சிஸ்டர் ஞாபகம் வந்து கை கூசியது. அதை நிரப்புவது என் வேலை இல்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் அவர் கிளம்புகிறார். அதற்கு முந்தின நாள் அவரைக் கூப்பிட்டு என் கடிதத்தைக் கையில் கொடுப்பேன். உங்களுடையது வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பேன். வரவில்லையென்றால் என்னுடையதை மட்டும். அவர் உட்காருவாரா என்று எனக்குத் தெரியாது. நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. முழங்காலோடு நானே தபால் பெட்டி வரைக்கும் நடக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து இங்கே வர மூன்று நான்கு நாள் ஆகிறது. தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், எடுக்க மாட்டேன்.

எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

உங்கள் அண்ணி